பிஎஸ்4 படத்தை மடிக்கணினியின் திரையில் கொண்டுவர முடியுமா?

விடுதிவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி விடுதியில் தங்கியிருக்கிறேன். இந்தப் பருவத்தில் ஊரிலிருந்து பிஎஸ்4 ஸ்லிம் (பிளேஸ்டேஷன் 4) விளையாட்டுக் கன்சோலை எடுத்து வந்திருக்கிறேன். அறையில் தொலைக்காட்சி வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால், 15.6 அங்குல முழு ஹெச்டி திரை கொண்ட என் விண்டோஸ் மடிக்கணினியையே திரையாகப் பயன்படுத்தலாம் என்று எண்ணினேன். அதன் பக்கவாட்டில் ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது. பிஎஸ்4இன் கேபிளும் அதில் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் இரண்டையும் இணைத்த பிறகு மடிக்கணினியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் நான்கு தெரிவுகளையும் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

ஒரு கடையில் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) நிறுவினால் அதே போர்ட் உள்வாங்கத் தொடங்கும் என்றார்கள். இன்னொரு கடையில் யூஎஸ்பியில் செருகும் "கன்வர்ட்டர்" ஒன்று வாங்கினால் போதும் என்றார்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை. நான் பெரும்பாலும் ஆடுவது கால்பந்தும் சண்டை விளையாட்டுகளும் என்பதால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையில் தாமதம் இருந்தால் ஆடவே முடியாது. விடுதியில் வைஃபை உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் பக்கம் ஒன்று திறந்து, பயனர்பெயர் கொடுத்தால்தான் இணையும்.

மெல்லலை

விண்டோஸ் 10இல் "புரொஜெக்டிங் டு திஸ் பிசி" என்று ஒரு வசதி இருக்கிறதே, அதை முயன்று பார்த்தீர்களா? என் கைப்பேசியின் திரை அதன் வழியாக மடிக்கணினியில் நன்றாகவே வருகிறது.

சுற்றுப்பலகை

மெல்லலை குறிப்பிடும் வசதி மிராகாஸ்ட் என்னும் முறையில் வரும் படத்தை வைஃபை வழியாகப் பெறுவதற்கானது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவும் பிற விண்டோஸ் கணினிகளும் அந்த முறையில் படத்தை அனுப்பும், பிஎஸ்4 அனுப்பாது. ஆகவே அது இங்கே உதவாது.

டிரைவர் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இதை நம்பி மாணவர்கள் பணம் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மடிக்கணினியில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே அமைக்கப்பட்டது. கிராஃபிக்ஸ் சிப்பிலிருந்து அந்தப் போர்ட்டுக்குச் செல்லும் தடங்களின் முனையில் இருப்பது அனுப்பும் சுற்று. வெளியிலிருந்து வரும் ஹெச்டிஎம்ஐ சிக்னலை வாங்கிப் படமாகப் பிரித்தெடுக்கும் சுற்று அந்தப் பலகையில் எங்கும் கிடையாது. மடிக்கணினியின் திரையோ அந்தப் போர்ட்டுடன் தொடர்பே இல்லாமல், மூடியின் கீலுக்குள் செல்லும் மெல்லிய கேபிள் ஒன்றின் மூலம், பழைய மாதிரிகளில் எல்விடிஎஸ் முறையிலும் புதியவற்றில் இடிபி முறையிலும், நேராகக் கிராஃபிக்ஸ் பகுதியுடன் இணைந்திருக்கிறது. இல்லாத சுற்றை எந்த டிரைவராலும் உண்டாக்க முடியாது.

இரண்டையும் இணைத்தபோது எதுவுமே நிகழாததற்கும் காரணம் உண்டு. ஹெச்டிஎம்ஐயில் 19 முனைகள் உள்ளன. படத்தை அனுப்பும் கருவி 18ஆம் முனையில் 5 வோல்ட் கொடுக்கும். படத்தைப் பெறும் கருவி அதைக் கண்டதும் 19ஆம் முனையில் மின்னழுத்தத்தை உயர்த்தி, "நான் இருக்கிறேன்" என்று தெரிவிக்கும். அதன் பிறகுதான் அனுப்பும் கருவி, திரை எந்த அளவுகளை ஏற்கும் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கிப் படத்தை அனுப்பத் தொடங்கும். உங்கள் பிஎஸ்4, மடிக்கணினி ஆகிய இரண்டுமே அனுப்பும் கருவிகள். மறுமுனையிலிருந்து பதில் வரட்டும் என்று இரண்டும் காத்திருந்தன. எனவேதான் பிழைச் செய்திகூட வரவில்லை. யூஎஸ்பி-சி போர்ட்டுக்கும் இதே நிலைதான். மடிக்கணினிகளில் பொதுவாக அதன் வழியாகப் படம் வெளியே செல்லும், உள்ளே வராது.

விதிவிலக்குகள் உண்டு, மிகச் சில. 2011இல் வந்த ஏலியன்வேர் எம்17எக்ஸ் ஆர்3, எம்18எக்ஸ் ஆகியவற்றில் படத்தை உள்வாங்கும் தனி ஹெச்டிஎம்ஐ போர்ட் இருந்தது. மேசைக் கணினிகளில், 2009 இறுதியில் வந்த 27 அங்குல ஐமேக் முதல் 2014 வரையிலான சில ஐமேக்குகள் வெளிப்படத்தைக் காட்டும். ஆனால் முதலில் மினி டிஸ்ப்ளேபோர்ட் வழியாகவும் 2011 முதல் தண்டர்போல்ட் வழியாகவும் மட்டுமே. மற்ற மடிக்கணினி எதையும் யாராவது "ஹெச்டிஎம்ஐ இன்" என்று சொல்லி விற்றால், போர்ட்டின் அருகே அச்சிட்ட குறியையும் தயாரிப்பாளரின் கையேட்டையும் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

யூஎஸ்பி "கன்வர்ட்டர்" என்று அவர்கள் சொன்னது கேப்சர் கார்டாக, அதாவது ஹெச்டிஎம்ஐ படத்தை வாங்கி யூஎஸ்பி வழியாகக் கணினிக்குள் அனுப்பும் கருவியாக இருக்கலாம். அது உண்மையான வழிதான். ஆனால் அதன் பெயரையும் வகையையும் தெரிந்து வாங்க வேண்டும். ஹெச்டிஎம்ஐயை விஜிஏவாக (பழைய மானிட்டர்களின் இணைப்பு முறை) மாற்றும் பெட்டி ஒன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மடிக்கணினியின் விஜிஏ போர்ட்டும் வெளியே அனுப்புவதற்கு மட்டும்தான்.

இரவாட்டம்

கேப்சர் கார்டைப் பற்றி நான் விரிவாக எழுதுகிறேன். சண்டை விளையாட்டுகளில் போட்டிகளுக்குச் செல்பவன் என்பதால் தாமதத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு.

சந்தையில் பெருவிரல் அளவில், மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் கேப்சர் கருவிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது எம்எஸ்2109 என்ற சிப். அது யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் பேசும். பிளக்கின் உள்ளே நீலப் பிளாஸ்டிக் இருந்தாலும், பெட்டியின் மேல் "3.0" என்றும் "4கே" என்றும் அச்சிட்டிருந்தாலும் அந்தச் சிப்பின் வேகம் மாறாது. கணக்கைப் பாருங்கள். 1920×1080 அளவுள்ள படத்தில், ஒரு புள்ளிக்கு 2 பைட் வீதம், நொடிக்கு 60 சட்டங்களை (பிரேம்களை) அப்படியே அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 249 மெகாபைட், அதாவது கிட்டத்தட்ட 2 கிகாபிட் தேவை. யூஎஸ்பி 2.0இன் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். எனவே அந்தச் சிப் ஒவ்வொரு சட்டத்தையும் ஜேபெக் படம்போல் அமுக்கி அனுப்புகிறது. அப்படியும் முழு ஹெச்டியில் பொதுவாக நொடிக்கு 30 சட்டங்களே கிடைக்கின்றன. மடிக்கணினி அதை விரித்து, நினைவகத்தில் சிறிது நேரம் வைத்து, விண்டோஸின் திரையமைப்பு வழியாகக் காட்டுகிறது. இந்தப் படிகளில் ஒவ்வொன்றும் சிறிது நேரத்தை எடுத்துக்கொள்ளும். 60 சட்ட வேகத்தில் ஒரு சட்டத்தின் நேரம் 16.7 மில்லிநொடி, 30இல் 33.3 மில்லிநொடி. மூன்று நான்கு சட்டங்கள் எங்கேனும் தங்கினாலே, தடுப்பாட்டம் ஆடும் கைக்கு அது நன்றாகத் தெரிந்துவிடும்.

யூஎஸ்பி 3.0இல் உண்மையாகவே இயங்கும் கருவிகள் இந்தத் தடையைத் தாண்டிவிடுகின்றன. 5 கிகாபிட் வேகத்தில் மேற்சொன்ன 2 கிகாபிட் எளிதாகச் செல்லும். அமுக்கவும் விரிக்கவும் தேவையில்லை. 2017இல் வந்த எல்காட்டோ ஹெச்டி60 எஸ் இவ்வகை. குறைந்த விலையில் எம்எஸ்2130 சிப் உள்ளவையும் இப்போது கிடைக்கின்றன. ஆனால் எச்சரிக்கை ஒன்று: 2014இல் வந்த பழைய எல்காட்டோ ஹெச்டி60, பெயரில் ஒற்றுமை இருந்தாலும், யூஎஸ்பி 2.0 கருவி, படத்தை ஹெச்.264 முறையில் உள்ளேயே அமுக்கி அனுப்புவதால் கணினித் திரையில் படம் நொடிக்கணக்கில் பின்தங்கும். பதிவு செய்வதற்காகச் செய்த கருவி அது. விளையாடுபவர் தொலைக்காட்சியைப் பார்த்து ஆடுவார் என்ற எண்ணத்தில் அமைத்தார்கள். பழைய பொருள் வாங்குபவர்கள் எழுத்து ஒன்றின் வேறுபாட்டில் ஏமாறக்கூடாது.

என் முடிவு: தாமதம் முக்கியம் என்றால் யூஎஸ்பி 2.0 கருவியை வாங்கவே வேண்டாம்.

சுற்றுப்பலகை

இரவாட்டத்தின் கணக்கு சரி. இரண்டு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒன்று, ஏற்கெனவே எம்எஸ்2109 கருவி கையில் இருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கணினியில் பார்க்கும் செயலியில் 1280×720 அளவையும் 60 சட்ட வேகத்தையும் தேர்ந்தெடுத்தால், கூர்மை குறைந்தாலும் அசைவு சீராக இருக்கும். ஒரு சட்டத்திற்கான காத்திருப்பும் பாதியாகும். கதை சார்ந்த விளையாட்டுகளுக்கும், முறைவைத்து ஆடும் விளையாட்டுகளுக்கும் அது போதுமானது.

இரண்டு, கேப்சர் கார்டு வாங்கும் பிஎஸ்4 உரிமையாளர் அனைவரும் தடுக்கி விழும் இடம் ஹெச்டிசிபி என்னும் நகல் தடுப்பு. பிஎஸ்4 அதை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கும். கேப்சர் கார்டில் கறுப்புத் திரைதான் வரும். 2013 நவம்பரில் பிஎஸ்4 வெளியானபோது இதை அணைக்கவே வழியில்லை; 2014 ஏப்ரலில் வந்த 1.70 மேம்படுத்தலில்தான் அந்தத் தெரிவைக் கொடுத்தார்கள். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் "எனேபிள் ஹெச்டிசிபி" என்ற வரியின் குறியை நீக்க வேண்டும். அணைத்த பிறகு நெட்ஃபிளிக்ஸ் போன்ற படச் செயலிகள் இயங்காது. விளையாட்டுகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

இந்தத் தெரிவை மாற்றுவதற்கே ஒரு திரை வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். விடுதிக்குக் கிளம்பும் முன் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே மாற்றிவிடுவது நல்லது. இப்போது விடுதியில் இருக்கும் தாங்கள், பொது அறையில் தொலைக்காட்சி இருந்தால் காப்பாளரிடம் கேட்டுச் சிறிது நேரம் இணைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியே "ரிமோட் பிளே" இணைப்பையும் இயக்கி வைத்துவிடுங்கள். அடுத்து அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மெல்லலை

ரிமோட் பிளேயைப் பற்றி நானே கேட்க நினைத்தேன். எந்தக் கருவியும் வாங்காமல் அது முடியும் அல்லவா?

சுற்றுப்பலகை

முடியும். 2016 ஏப்ரலில் வந்த பிஎஸ்4இன் 3.50 மேம்படுத்தலிலிருந்து விண்டோஸுக்கும் மேக்குக்கும் சோனியே இந்தச் செயலியை இலவசமாகத் தருகிறது. பிஎஸ்4 படத்தை அமுக்கி வலையமைப்பு வழியாக அனுப்பும். மடிக்கணினி அதை விரித்துக் காட்டும். கன்ட்ரோலரை மடிக்கணினியில் யூஎஸ்பி கேபிளால் இணைத்தால் அதன் அசைவுகள் எதிர்த்திசையில் செல்லும். சாதாரண பிஎஸ்4, பிஎஸ்4 ஸ்லிம் ஆகியவற்றில் 720பி (1280×720) வரைதான் கிடைக்கும். பிஎஸ்4 புரோ, பிஎஸ்5 ஆகியவற்றில் 1080பி கிடைக்கும். குறைந்தது 5 மெகாபிட் வேகமும், நன்றாக இயங்க 15 மெகாபிட்டும் வேண்டும் என்று சோனி சொல்கிறது. எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர்களுக்கும் 2015இலிருந்தே விண்டோஸ் 10இல் இதே போன்ற வசதி உண்டு.

இரவாட்டம்

பொறுத்துக்கொள்ளுங்கள், இதை நான் ஏற்கவில்லை. கேப்சர் கார்டில் படம் மட்டும்தான் தாமதமாகும். கன்ட்ரோலர் புளூடூத்தில் நேராகக் கன்சோலுடன் பேசுகிறது. ரிமோட் பிளேயில் பொத்தானின் செய்தியும் வலையமைப்பைக் கடந்து போக வேண்டும், படமும் கடந்து வர வேண்டும். அதுவும் விடுதி வைஃபையில்! நூறு மாணவர்கள் ஒரே நேரத்தில் காணொளி பார்க்கும் இடத்தில் அலைவரிசை எப்படி ஏறி இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாறாத தாமதத்திற்குக் கை பழகிக்கொள்ளும். ஆனால் நொடிக்கு நொடி மாறும் தாமதத்திற்கு எவராலும் பழக முடியாது. மேலும், பல விடுதி வலையமைப்புகளில் ஒரு கருவி இன்னொரு கருவியுடன் நேராகப் பேசுவதையே தடுத்திருப்பார்கள்.

சுற்றுப்பலகை

தங்கள் மறுப்பு விடுதி வைஃபையைப் பொறுத்தவரை முற்றிலும் நியாயமானது. ஆனால் ரிமோட் பிளேக்கு வைஃபை கட்டாயமில்லை. என் பரிந்துரை இதுதான். விடுதிவாசி இதை முதலில் செய்து பார்க்கட்டும், ஏனெனில் இதற்கு ஒரு லேன் கேபிளின் விலைக்கு மேல் செலவில்லை.

பிஎஸ்4இன் பின்புறத்தில் லேன் போர்ட் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிளை நேராக மடிக்கணினியின் லேன் போர்ட்டில் செருகுங்கள். மெல்லிய மடிக்கணினிகளில் லேன் போர்ட் இல்லாவிட்டால் யூஎஸ்பி 3.0 லேன் அடாப்டர் ஒன்று போதும். பழைய காலத்தில் இப்படி நேராக இணைக்கக் குறுக்குக் கம்பியுள்ள தனி கேபிள் தேவைப்பட்டது. இன்றைய கருவிகள் தாமே சரிசெய்துகொள்ளும் என்பதால் சாதாரணக் கேபிளே போதும். பிறகு மடிக்கணினியை வழக்கம்போல் விடுதி வைஃபையில் இணைத்துப் பயனர்பெயர் கொடுங்கள். விண்டோஸின் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பகுதியில் வைஃபையின் மேல் வலச்சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் தாவலைத் திறந்து, இணைய இணைப்பை லேனுடன் பகிர்வதற்கான குறியை இடுங்கள். விண்டோஸ் அந்த லேன் பக்கத்திற்கு 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, பிஎஸ்4க்கு அதே வரிசையில் ஒரு முகவரியைத் தானே வழங்கும். பிஎஸ்4இல் நெட்வொர்க் அமைப்பில் லேன் கேபிளைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

இதனால் இரண்டு பயன்கள். கணக்கைச் சரிபார்ப்பதற்கான இணையம் வைஃபை வழியாகக் கிடைத்துவிடுகிறது. பக்கம் திறந்து பயனர்பெயர் கொடுக்கும் தொல்லை பிஎஸ்4க்கு இல்லை. படமோ விடுதி வலையமைப்பைத் தொடாமல், ஒரு மீட்டர் கேபிளில் நேராக மடிக்கணினிக்கு வந்துவிடுகிறது. அமுக்கி விரிப்பதற்கான நேரம் மிஞ்சும். ஆனால் வலையமைப்பினால் வரும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இல்லாமல் போகும். செயலியின் அமைப்பில் 720பியையும் பிரேம் ரேட்டில் "ஹை" என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

விடுதி விதிகளில் இணைப்பைப் பகிர்வதற்குத் தடை இருக்கிறதா என்று மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுதிவாசி

மிக்க நன்றி ஐயா. எங்கள் விடுதியில் ஒரு மாணவன் தன் கருவிகளுக்குள் பகிர்ந்துகொள்வதற்குத் தடையில்லை, கேட்டுவிட்டேன். பொது அறைத் தொலைக்காட்சியில் இணைத்து, ஹெச்டிசிபியை அணைத்து, ரிமோட் பிளேயை இயக்கியும் வைத்துவிட்டேன். கேபிள் வாங்கிய பிறகு வந்து எழுதுகிறேன்.

கடற்கரைச்சாலை

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிறது. என் தங்கையிடம் ஸ்விட்ச் லைட் இருக்கிறது. இரண்டையும் மடிக்கணினியில் ஆட ஆசைப்படுகிறோம். ரிமோட் பிளே போன்ற செயலி இவற்றுக்கு உண்டா?

இரவாட்டம்

படத்தை மடிக்கணினிக்கு அனுப்பும் அப்படியொரு செயலியை ஸ்விட்ச்சுக்கு நின்டெண்டோ தரவில்லை. ஆகவே கேப்சர் கார்டுதான் வழி. ஸ்விட்ச்சை டாக்கில் (தொலைக்காட்சியுடன் இணைக்கும் தாங்கியில்) வைத்து, அதன் சொந்த அடாப்டரால் மின்சாரம் கொடுத்து, டாக்கின் ஹெச்டிஎம்ஐயிலிருந்து கேப்சர் கார்டுக்கும் அங்கிருந்து யூஎஸ்பிக்கும் செல்லுங்கள். 1080பி, 60 சட்டம் கிடைக்கும். விளையாட்டுகளின்போது ஸ்விட்ச் ஹெச்டிசிபியைப் பயன்படுத்துவதில்லை என்பதால் அணைக்க வேண்டியது எதுவுமில்லை. ஸ்விட்ச்சின் யூஎஸ்பி-சியிலிருந்து மடிக்கணினியின் யூஎஸ்பி-சிக்கு நேராகக் கேபிள் போட்டால் படம் வராது.

உங்கள் தங்கையின் ஸ்விட்ச் லைட்டில், 2019இல் அது வந்தபோதே, படத்தை வெளியே அனுப்பும் வசதியை நீக்கிவிட்டார்கள். டாக், கேப்சர் கார்டு என எதை வாங்கினாலும் பயன் இருக்காது. தயவுசெய்து அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

மடிக்கணினிக்குப் பதிலாக யூஎஸ்பி-சி உள்ள ஐபேட் வீட்டில் இருந்தால் ஒரு செய்தி: 2023இல் வந்த ஐபேட்ஓஎஸ் 17 முதல் கேப்சர் கார்டை ஐபேடே நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. தக்க செயலி ஒன்றை நிறுவினால் அது சிறிய திரையாகிவிடும்.

பழையதிரை

நான் வேறொரு வழியைச் சொல்ல விரும்புகிறேன். மதர்போர்டு கெட்டுப்போய், திரை மட்டும் நன்றாக இருக்கும் மடிக்கணினி எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கிறது. அந்தப் பேனலைக் கழற்றி, ஹெச்டிஎம்ஐ உள்ள கன்ட்ரோலர் போர்டு (வரும் படத்தைப் பேனலுக்கு ஏற்ப மாற்றித் தரும் மின்பலகை) ஒன்றை இணைத்தால் அது முழுமையான மானிட்டர் ஆகிவிடும். கேப்சர் கிடையாது, அமுக்குவது கிடையாது, விண்டோஸ் கிடையாது. சிக்னல் நேராகப் பேனலுக்குச் செல்வதால் தாமதமும் சாதாரண மானிட்டரில் இருப்பதைப் போன்றதுதான். பழுதான பொருளுக்கு மறுவாழ்வு கொடுக்கும் இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆகவே கவனமாகச் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன்.

முதலில் பேனலைக் கழற்றி, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்பி156 என்றோ, பி156 என்றோ, என்156 என்றோ தொடங்கும். 156 என்பது 15.6 அங்குலத்தைக் குறிக்கும். மடிக்கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு போர்டு வாங்கக் கூடாது, ஏனென்றால் ஒரே மாதிரி மடிக்கணினியில் வெவ்வேறு நிறுவனங்களின் பேனல்கள் பொருத்தப்பட்டிருக்கும். பேனல் எல்விடிஎஸ் வகையா, இடிபி வகையா என்பதற்கேற்பப் போர்டு வேறுபடும். ஏறத்தாழ 2012க்கு முந்தைய எல்இடி பேனல்களில் எல்விடிஎஸ்ஸும் 40 முனைக் கனெக்டரும் பரவலாக இருந்தன. பிறகு வந்தவற்றில் 30 முனை இடிபியே மிகுதி. விற்பவரிடம் பேனலின் முழு எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய ஃபர்ம்வேரை (போர்டின் உள்மென்பொருளை) ஏற்றித் தருவார். ஏற்றாமல் வாங்கினால் படம் கோடுகளாகவோ நிறம் மாறியோ வரும்.

போர்டு வந்ததும் ஜம்பரை (முனைகளில் இடம் மாற்றிப் பொருத்தும் சிறு செருகியை) பாருங்கள். பேனலுக்குச் செல்லும் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட், 5 வோல்ட், சில போர்டுகளில் 12 வோல்ட் என்று அது தீர்மானிக்கிறது. மடிக்கணினிப் பேனல்களுக்குப் பொதுவாக 3.3 வோல்ட்தான், தவறான இடத்தில் இருந்தால் மின்சாரம் கொடுத்த கணமே பேனல் எரிந்துவிடும். மிகப் பழைய பேனல்களில் எல்இடிக்குப் பதிலாகச் சிசிஎஃப்எல் குழல்விளக்கு இருக்கும். அதற்குத் தனி இன்வெர்ட்டர் தேவை, அதன் முனைகளில் பல நூறு வோல்ட் இருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் அந்த வகையைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போர்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். ஒலிக்காகப் போர்டில் ஹெட்ஃபோன் முனை பெரும்பாலும் இருக்கும். பேனல் 1366×768 அளவினதாக இருந்தால் பிஎஸ்4இல் 720பியைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் சற்று மங்கலாகத்தான் தெரியும், ஏனெனில் 720 வரிகளை 768 வரிகளாக நீட்ட வேண்டியிருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் விசாரிப்பது எளிது. மற்றவர்கள் இணையத்தில் வாங்கலாம்.

இரவாட்டம்

தாமதத்தைப் பொறுத்தவரை இதுவே சிறந்த வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்றாக இயங்கும் மடிக்கணினியை இதற்காகப் பிரிப்பது கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள்.

பழையதிரை

ஆம், அதை அழுத்தமாகவே சொல்கிறேன். இயங்கும் மடிக்கணினியைப் பிரிக்காதீர்கள். ஒரே பேனலை மடிக்கணினிக்கும் கன்ட்ரோலர் போர்டுக்கும் மாற்றி மாற்றி இணைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த மெல்லிய கனெக்டர் சில முறை கழற்றி மாட்டுவதற்கு மேல் தாங்காது.

போர்டு, அடாப்டர், சட்டகம் ஆகியவற்றின் விலையைக் கூட்டினால், பழைய 22 அங்குல மானிட்டர் ஒன்றின் விலை அருகில் வந்துவிடும். பேனல் ஏற்கெனவே கையில் இருந்து, வேலையிலும் விருப்பம் இருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். இல்லையென்றால் பழைய மானிட்டரை வாங்குங்கள். ஹெச்டிஎம்ஐ இல்லாமல் டிவிஐ மட்டும் உள்ள மானிட்டரும் போதும், விலை மலிந்த கேபிள் ஒன்றே இரண்டையும் இணைத்துவிடும். மிகப் பழைய டிவிஐ மானிட்டர்களில் ஹெச்டிசிபி ஆதரவு இருக்காது. மேலே சொன்னபடி பிஎஸ்4இல் அதை அணைத்திருந்தால் படம் வரும். ஒலி அந்த வழியில் வராதபோது, பிஎஸ்4 கன்ட்ரோலரின் 3.5 மில்லிமீட்டர் முனையில் ஹெட்செட்டைச் செருகி, செட்டிங்ஸில் எல்லா ஒலியும் ஹெட்ஃபோனுக்குச் செல்லும்படி மாற்றிக்கொள்ளலாம்.

மெல்லலை

என் அண்ணன் வீட்டில் பிஎஸ்3 இருக்கிறது. அதிலும் ஹெச்டிசிபியை அணைக்க முடியுமா?

சுற்றுப்பலகை

முடியாது. பிஎஸ்3இன் ஹெச்டிஎம்ஐயில் அது எப்போதும் இயங்கும். அதன் ஏவி மல்டி போர்ட்டில் காம்போனென்ட் கேபிளைச் செருகி, காம்போனென்ட் உள்வாங்கும் கேப்சர் கருவியைப் பயன்படுத்துவதே முறையான வழி. அனலாக் சிக்னலில் அந்தத் தடுப்பு இல்லை. மஞ்சள் முனையுள்ள காம்போசிட் கேபிளிலும் வரும், ஆனால் படம் மிகவும் மங்கலாக இருக்கும்.

விடுதிவாசி

கேபிள் வாங்கி இணைத்துவிட்டேன். சுற்றுப்பலகை ஐயா சொன்னபடியே பிஎஸ்4க்கு 192.168.137 வரிசையில் முகவரி கிடைத்தது. ரிமோட் பிளே முதல் முயற்சியிலேயே இணைந்தது. கால்பந்து நன்றாக ஆட முடிகிறது. வைஃபையில் வந்த கட்டம் கட்டமான சிதைவு அறவே இல்லை. சண்டை விளையாட்டில் மட்டும் எதிரியின் அடியைக் கண்டபின் தடுக்க நினைத்தால் சற்றுத் தாமதமாகிறது. எங்கள் தளத்தில் ஒரு நண்பரிடம் யூஎஸ்பி 3.0 கேப்சர் கார்டு இருக்கிறது; கடன் கேட்டிருக்கிறேன். எதில் தாமதம் குறைவு என்று அளந்து பார்க்க வழி உண்டா?

இரவாட்டம்

உண்டு. கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் போதும். கன்ட்ரோலரின் பொத்தானும் மடிக்கணினித் திரையும் ஒரே காட்சியில் தெரியும்படி கைப்பேசியை நிறுத்துங்கள். பயிற்சி முறையில் நின்று, விரல் தெளிவாகத் தெரியும்படி குத்தும் பொத்தானை அழுத்துங்கள். காணொளியை ஒவ்வொரு சட்டமாக நகர்த்தி, விரல் பொத்தானை முழுதாக அழுத்திய சட்டத்திலிருந்து பாத்திரம் அசையத் தொடங்கும் சட்டம் வரை எண்ணுங்கள். ஒவ்வொரு சட்டமும் ஏறத்தாழ 4.2 மில்லிநொடி. அதில் விளையாட்டின் சொந்தத் தாமதமும் அடங்கியிருக்கும். ஆகவே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரே விளையாட்டு, ஒரே அசைவு என வைத்து ரிமோட் பிளே, கேப்சர் கார்டு, பொது அறைத் தொலைக்காட்சி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பலமுறை அழுத்திச் சராசரி எடுங்கள். தொலைக்காட்சியில் கேம் மோடை இயக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் தொலைக்காட்சியே பின்தங்கியிருக்கும்.

கேப்சர் கார்டைப் பார்க்கும் செயலியும் முக்கியம். விஎல்சி என்னும் காணொளிச் செயலியில் திறந்தால் அது இயல்பாகவே 300 மில்லிநொடி சேமித்து வைத்துக் காட்டும். அதைக் கார்டின் குற்றமாக எண்ணிவிடாதீர்கள். ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் பதிவுச் செயலியில் வீடியோ கேப்சர் டிவைஸைச் சேர்த்து, அதன் அமைப்பில் பஃபரிங்கை "டிஸேபிள்" என்று வைத்து, வலச்சொடுக்கி முழுத்திரை புரொஜெக்டரைத் திறங்கள். விண்டோஸின் பிரைவசி பகுதியில் கேமராவுக்கான அனுமதி இல்லையென்றால் படம் வராது, ஏனெனில் விண்டோஸ் இந்தக் கார்டை ஒரு வெப்கேமராவாகவே பார்க்கிறது.

விடுதிவாசி

கார்டு கிடைத்து, இரண்டையும் அளந்துவிட்டேன். கேப்சர் கார்டில் தாமதம் தெளிவாகக் குறைவு. தொலைக்காட்சியைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஆனால் ஒலியில் சிக்கல். ஓபிஎஸ்ஸில் ஒலிப்பட்டை அசைகிறது, காதில் எதுவும் கேட்கவில்லை. கன்ட்ரோலரில் ஹெட்செட் செருகினால் கேட்கிறது. ஆனால் அடியின் ஓசை படத்துக்கு முன்பே வந்துவிடுவதுபோல் இருக்கிறது.

சுற்றுப்பலகை

ஓபிஎஸ் தான் பெறும் ஒலியை இயல்பாகப் பதிவுக்கு மட்டும் அனுப்பும். ஒலிக்கலவைப் பகுதியில் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, அந்தக் கார்டின் வரிசையில் ஆடியோ மானிட்டரிங்கை "மானிட்டர் அண்ட் அவுட்புட்" என்று மாற்றுங்கள். செட்டிங்ஸின் ஆடியோ பகுதியில் மானிட்டரிங் கருவியாக உங்கள் ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோலரின் ஒலி கன்சோலிலிருந்து நேராக வருவதால் முந்துகிறது. கார்டு வழியாக வரும் ஒலி படத்தோடு சேர்ந்து வரும், சில கணினிகளில் சற்றுப் பின்தங்கவும் கூடும். அப்படிப் பின்தங்கினால் இரண்டு ஒலிகளில் எது படத்துக்கு நெருக்கமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழையைப் பின்னர் படிக்கும் எம்எஸ்2109 கருவிக்காரர்களுக்கு: அந்தச் சிப் தன் 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று கணினிக்குத் தவறாக அறிவிக்கும் பழக்கமுடையது. இடமும் வலமும் கலந்து ஒலித்தால் காரணம் அதுதான். லினக்ஸ் கெர்னலில் 2020இலேயே இதற்குத் திருத்தம் சேர்த்துவிட்டார்கள். விண்டோஸில் அந்தக் கருவியோடு ஆடுபவர்கள், ஒலிக்கு மட்டும் கன்ட்ரோலர் ஹெட்செட்டையே பயன்படுத்துவது நல்லது.

விடுதிவாசி

மானிட்டரிங்கை மாற்றியதும் ஒலி வந்துவிட்டது. படத்தோடு சேர்ந்தே வருகிறது. சண்டை விளையாட்டுக்கு நண்பரின் கார்டும், மற்றவற்றுக்கு லேன் கேபிளும் என்று வைத்துக்கொண்டேன். உதவிய அனைவருக்கும் நன்றி.